ஓணான் தலையாட்டிய கூடு

ஐப்பசி ஏழாம் தேதி காலை, தாழங்கண்மாய்க் கரையில் நின்ற ஒற்றைப் பனையில் பதினாறு அரைக்கூடுகள் தொங்கின. அவற்றுள் மிக அழகானதை நெய்தவன் பெயர் நாரன்.

நாரன் ஒரு தூக்கணாங்குருவி. அந்தப் பனையில் அவனைப் போல வரி பிசகாமல் நெய்பவர் யாரும் இல்லை. இதை மற்றவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொல்லாத நாட்களில் அவனே சொல்லிக்கொண்டான்.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கூடு நெய்வது ஆணின் வேலை. ஆனால் அவன் அதை ஒரே மூச்சில் முடித்துவிடக் கூடாது. பனையோலையின் நுனியில் கழுத்தைக் கட்டி, கூரையை நெய்து, கீழே உட்கார ஒரு வளையம் வைத்து, கவிழ்த்த குடுவை போலத் தொங்கவிட்டு நிறுத்த வேண்டும். பெண் குருவி வருவாள். வளையத்தில் உட்காருவாள். அலகால் கவ்வி இழுத்துப் பார்ப்பாள். பிடித்தால் தங்குவாள். அதன் பிறகே முட்டை அறையும் நீண்ட நுழைவுக் குழலும் நெய்ய வேண்டும். பிடிக்காவிட்டால் பறந்துவிடுவாள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கூடுகளில் மின்மினிப் பூச்சியைப் பிடித்து விளக்காக ஒட்டி வைப்பதாக ஒரு பேச்சு உண்டு. தாழங்கண்மாய்ப் பனையில் அப்படி எதையும் யாரும் பார்த்ததில்லை.

அன்று முதலில் வந்தவள் சம்பா. மூன்று பருவம் குஞ்சு பொரித்தவள். கூட்டை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"வாங்க, வாங்க!" என்று நாரன் சிறகை அடித்தான். "வரியைப் பாருங்க! எங்கேயாவது ஒரு பிசிறு தெரியுதா?"

"தெரியல," என்றாள் சம்பா.

வளையத்தில் உட்கார்ந்தாள். கழுத்தில் அலகை வைத்து ஓர் இழு இழுத்தாள். பிறகு சிறகை விரித்தாள்.

"என்ன, கிளம்பிட்டீங்க?"

"ஆமா."

"என்ன குறைன்னு சொல்லிட்டுப் போங்க!"

"குறை சொல்லவெல்லாம் எனக்குத் தெரியாது. இழுத்தேன். வந்துச்சு."

கழுத்தில் ஒரு நார் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாரன் அதை அலகால் உள்ளே தள்ளிவிட்டான். இப்போது கூடு பழையபடி அழகாக இருந்தது.

சம்பா நேராக அடுத்த ஓலைக்குப் போனாள். அது பரட்டையின் கூடு. பரட்டை என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவன் கூட்டைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். மாடு மேய்ந்துவிட்டுப் போன வைக்கோற்போர் போல இருந்தது அது. ஒரு வரி மேலே போகும், அடுத்த வரி பக்கத்தில் போகும், மூன்றாவது எங்கே போயிற்று என்று பரட்டைக்கே தெரியாது.

சம்பா அதன் கழுத்தைக் கவ்வி இழுத்தாள். தலைகீழாகத் தொங்கி மறுபடியும் இழுத்தாள்.

"வரல," என்றாள். "இருக்கேன்."

நாரனுக்குப் பொறுக்கவில்லை. "நெய்யவே தெரியாதவங்க நெசவுக்குத் தீர்ப்புச் சொல்றதா!" என்று கத்தினான்.

சம்பா திரும்பிப் பார்த்தாள். "நெய்யத் தெரியாதுதான். உள்ளே உட்காரத் தெரியும்."

பரட்டை சிரித்த சிரிப்பில் அவன் வாயிலிருந்த நார் தண்ணீரில் விழுந்தது. "மாப்ள, கோவிச்சுக்காதே! உன் கூட்டைப் பார்க்க எனக்கே ஆசையா இருக்கு. ஆனா என்னாலயும் முட்டை போட முடியாதே!"

அதற்குப் பிறகு இரண்டு பெண் குருவிகள் வந்தார்கள். வியந்தார்கள். இழுத்தார்கள். போனார்கள். நாரன் இரண்டு நாரையும் உள்ளே தள்ளிவிட்டான்.

வெயில் ஏறிய நேரத்தில் அவன் கண் பனையின் அடிமரத்துக்குப் போனது. அங்கே ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது. முதுகு நிமிர்ந்து, தொண்டை சிவந்து, நாலும் தெரிந்த பெரியவர் போல இருந்தது.

"ஐயா, நீங்களே சொல்லுங்க," என்றான் நாரன். "என் கூடு நல்லாயிருக்கா, இல்லையா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"அப்படிச் சொல்லுங்க! வரி நேரா இருக்குல்ல?"

ஓணான் தலையை ஆட்டியது.

"கழுத்தை இறுக்கிக் கட்டினா நார் சுருங்கி வரி கோணிடும். அழகே போயிடும். கொஞ்சம் தளர விட்டாத்தான் பார்க்க லட்சணமா இருக்கும். நான் சொல்றது சரிதானே?"

ஓணான் மூன்று முறை ஆட்டியது.

அது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நாரனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

அந்த நாளிலேயே அவன் ஒரு முடிவுக்கு வந்தான். இனி யாரும் இழுக்க வேண்டாம். அரைக்கூட்டில் நிறுத்துவதால்தானே இழுக்கிறார்கள்? முழுக் கூடாக முடித்துவிட்டால் யாருக்கு இழுக்க மனம் வரும்?

நாரன் கோரையின் ஓரத்தை அலகால் கடித்துப் பிடித்தான். ஒரு பறப்பில் நீளமாகக் கிழித்து வந்தான். நெய்தான். ஒவ்வொரு வரி முடிந்ததும் கீழே பார்த்தான். ஓணான் தலையாட்டியது. அடுத்த வரிக்குப் போனான். முட்டை அறை திரண்டது. குழல் நீண்டது. அந்தப் பனையில் பெண் துணை இல்லாமல் முடிந்த முதல் கூடு அதுதான்.

பார்க்கக் கூட்டம் வந்தது. கொக்கு ஒற்றைக் காலில் நின்று பார்த்து, அலுத்ததும் மறு காலுக்கு மாறிப் பார்த்தது.

"இது கூடா, கோயில் தேரா!" என்றது மீன்கொத்தி.

பரட்டை மட்டும் ஒரு கேள்வி கேட்டான். "யாரு இழுத்துப் பார்த்தா?"

"யாரும் இழுக்கல. ஓணான் ஐயா பார்த்தாரு."

"ஓணானா? அது முட்டையை மண்ணுல புதைச்சு மூடிட்டுப் போற ஆளு. தொங்குற கூட்டைப் பத்தி அதுக்கு என்ன மாப்ள தெரியும்?"

"உனக்குப் பொறாமை!"

"இருக்கும்," என்றான் பரட்டை. "கொஞ்சம் இருக்கு."

சில நாட்கள் கழித்துக் குறுவை வந்தாள். அவளுக்கு இதுதான் முதல் பருவம். எந்தக் கூட்டிலும் இதுவரை உட்கார்ந்ததில்லை. நாரனின் கூட்டைக் கண்டதும் காற்றிலேயே படபடவென்று நின்றாள்.

"இதுவா? இதிலயா நான் இருக்கப் போறேன்?"

"நீ சரின்னு சொன்னா," என்றான் நாரன்.

குறுவை கழுத்துப் பக்கம் போனாள். மற்றப் பெண்கள் செய்வதைப் பார்த்திருந்தாள். அலகைத் திறந்தாள்.

"ஏய், ஏய்! இழுக்காதே! வரி கெட்டுடும்!"

"எல்லாரும் இழுத்துப் பார்க்கிறாங்களே?"

"அது மத்தவங்க கூடு. இது அப்படி இல்ல. சந்தேகம் இருந்தா அவரைக் கேளு."

குறுவை கீழே பார்த்தாள். நல்ல வெயில். ஓணான் நான்கு முறை தலையாட்டியது.

அவள் அலகை மூடிக்கொண்டு குழல் வழியே உள்ளே போனாள். உள்ளே வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுந்தது. சுவர் முழுக்க விண்மீன் பூத்தது போல இருந்தது. பரட்டையின் கூட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் அங்கே கும்மிருட்டு என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஐப்பசி முடிவதற்குள் குறுவை இரண்டு முட்டைகள் இட்டாள்.

இடையில் சில நாட்கள் மழை விட்டிருந்தது. வெயில் காய்ந்தது. பச்சையாக நெய்த நார் வெயிலில் உலர்ந்தது. உலர்ந்த நார் மெலியும். இறுக்கி நெய்த கூட்டில் அந்த மெலிவு தெரியாது. தளர நெய்த கூட்டில் ஒவ்வொரு கண்ணியும் இன்னும் கொஞ்சம் அகலும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஓணானும் வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

கார்த்திகை மூன்றாம் தேதி புயல் வந்தது.

கிழக்கிலிருந்து காற்று அடித்தது. பனையோலைகள் கைகளைப் போல வீசின. பதினாறு கூடுகளும் ஊசலாடின. பரட்டையின் கூடு தலைகீழாகப் புரண்டு மறுபடி நேராக வந்தது. உள்ளிருந்து சம்பா திட்டுவது வெளியே கேட்டது.

நாரன் பக்கத்து ஓலையைக் கவ்விக்கொண்டு தன் கூட்டின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நார்கள் வெளியே வந்தன. அவன் உள்ளே தள்ளிவிட்ட அதே மூன்று நார்கள். பிறகு நான்காவது. பிறகு எண்ண முடியவில்லை.

"குறுவை! வெளியே வா!"

குறுவை குழலிலிருந்து வெளியே பாய்ந்தாள். கழுத்து ஓலையிலிருந்து வழுக்கியது. கூடு அப்படியே, ஒரு வரிகூடக் கோணாமல், கண்மாய்த் தண்ணீரில் விழுந்தது.

மற்றப் பதினைந்தும் தொங்கின.

மறுநாள் மழை நின்றது. குறுவை ஈரச் சிறகோடு வெறும் ஓலை நுனியில் உட்கார்ந்திருந்தாள். நாரன் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். ஏதேதோ சொல்ல நினைத்தான். காற்றைப் பற்றிச் சொல்லலாம். இதுவரை இப்படி ஒரு காற்று அடித்ததில்லை என்று சொல்லலாம்.

குறுவைதான் பேசினாள். "நான் இழுத்துப் பார்க்கத்தான் வந்தேன். நீங்க விடல."

அவ்வளவுதான் சொன்னாள். பறந்துவிட்டாள்.

நாரன் அம்புபோல அடிமரத்துக்கு இறங்கினான். மேகம் விலகி வெயில் வந்துகொண்டிருந்தது. ஓணான் அங்கேதான் இருந்தது.

"நல்லாயிருக்குன்னு சொன்னீங்களே!" என்று கத்தினான்.

ஓணான் ஒரு கண்ணை மட்டும் அவன் பக்கம் திருப்பியது. அது பேசி அவன் கேட்டது அன்றுதான்.

"நான் எப்பப்பா சொன்னேன்?"

"தலையாட்டினீங்க! ஒவ்வொரு வரிக்கும் ஆட்டினீங்க!"

"அதுவா? வெயில் வந்தா ஆட்டுவேன். இன்னொரு ஓணான் இந்தப் பக்கம் வந்தா ஆட்டுவேன். இது என் இடம்னு அர்த்தம். எங்கப்பாவும் இப்படித்தான் ஆட்டுவாரு."

"அப்போ என் கூட்டை...?"

"எந்தக் கூடு?" என்று கேட்டது ஓணான்.

நாரன் அதன் முகத்தையே பார்த்தான். அதில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டது.

"மேலே என்ன நடக்குதுன்னு நான் பார்க்கிறதே இல்லப்பா," என்றது. "எறும்பு கீழேதானே போகுது?"

சொல்லிவிட்டுத் தலையாட்டியது. வெயில் ஏறியிருந்தது.

விழுந்த கூடு ஆகாயத்தாமரைப் படலில் ஒதுங்கிக் கிடந்தது. நாரன் அங்கே போய் அதன்மேல் உட்கார்ந்தான். உள்ளே எதுவும் இல்லை. கழுத்தில் அலகை வைத்து இழுத்தான். நார் வந்தது. இன்னொன்றை இழுத்தான். அதுவும் வந்தது. தான் நெய்த ஒன்றை அவன் இழுத்துப் பார்த்தது அதுவே முதல் முறை.

நாள் முழுவதும் அவன் அந்தக் கூட்டைப் பிரித்தான். நெய்யும்போது தெரியாதது பிரிக்கும்போது தெரிந்தது. எல்லாக் கண்ணியிலும் அவன் அலகு தாராளமாக நுழைந்தது. குறுவைக்கு விண்மீனாகத் தெரிந்த புள்ளிகள் எல்லாம் ஓட்டைகள். பச்சை நார் வைத்த இடத்தில் நிற்கும், சொன்னபடி வளையும். அதைப் பார்த்து அவன் தன் திறமை என்று நினைத்திருந்தான். நார் உலர்ந்த பிறகு என்ன செய்யும் என்று அவன் ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை.

மாலையில் பரட்டையிடம் போனான்.

"உன் கூடு எப்படிடா நின்னுச்சு?"

பரட்டை கேலி செய்யத்தான் வாயைத் திறந்தான். நாரனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பிறகு சொன்னான்.

"எனக்கு என்ன மாப்ள தெரியும்? போன வருஷம் ஆறு பேர் வந்தாங்க. ஆறு பேரும் இழுத்த இழுப்புல கூடே பிஞ்சு போச்சு. அந்தப் பருவம் முழுக்க நான் தனிக்கட்டை. அந்தப் பயத்துலதான் இந்த வருஷம் ஒவ்வொரு நாரையும் கால் ஊன்றி இழுத்துக் கட்டுறேன். பயந்து கட்டுனது, கோணலாத்தான் இருக்கும்."

கூட்டுக்குள்ளிருந்து சம்பாவின் குரல் வந்தது. "பேசிட்டே இருந்தா குழலை யாரு முடிக்கிறது?"

"இதோ வந்துட்டேன்!" என்று பரட்டை ஓடினான்.

மறுநாள் நாரன் புதிதாகத் தொடங்கினான். கழுத்தைக் கட்டி, கூரையில் பாதி நெய்து, ஓரிடத்தில் நிறுத்தினான். வளையத்தில் தொங்கி, முழுப் பலத்தோடு இழுத்தான். கூடு அலகோடு வந்துவிட்டது. பழைய பழக்கம் அலகை விட்டுப் போகவில்லை. தானே பிய்த்துத் தண்ணீரில் போட்டான்.

"மாப்ள, இது என்ன வேடிக்கை!" என்றான் பரட்டை. "ஊரே உன் கூட்டைப் பாராட்டும்போது ஒருத்தரையும் தொட விடல. இப்போ நீயே பிய்க்கிறியே!"

நாரன் மறுபடி கோரைக்குப் பறந்தான். நாட்கள் குறைந்துகொண்டிருந்தன. கரையோரக் கோரையின் நுனி மஞ்சளாகத் தொடங்கியது. வயலில் நெல் பால் பிடித்தது. இன்னும் கொஞ்ச நாளில் தாள் முற்றிவிடும். முற்றிய தாளில் நார் கிழிக்க வராது. நார் இல்லையென்றால் கூடு இல்லை. கூடு இல்லையென்றால் இந்தப் பருவம் அவனுக்கு இல்லை. இன்னும் ஒரு கூட்டுக்குத்தான் பச்சை மிச்சம் இருந்தது.

அவன் மெதுவாக நெய்தான். ஒரு நாரை ஓலையில் சுற்றி, கண்ணிக்குள் விட்டு, காலை ஊன்றி இழுத்தான். மறுபடி இழுத்தான். முதல் நாள் நெய்ததை வெயிலில் விட்டு, மறுநாள் வந்து இழுத்துப் பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போனான். வரிகள் கோணின. கழுத்து கிணற்றுக் கயிறு போலத் தடித்தது.

மீன்கொத்தி வந்தது. "என்னப்பா, தேர் கட்டினவன் இப்படிக் கோழிக்கூடையைக் கவுத்து வெச்சிருக்கியே?"

நாரன் வாயில் நார் இருந்தது. நெய்கிறவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கூரையும் வளையமும் முடிந்தன. அவன் நிறுத்தினான். வழக்கப்படி, பாதியில். ஓலை நுனியில் உட்கார்ந்து காத்திருந்தான். பாடவில்லை. சிறகை அடித்து யாரையும் கூப்பிடவும் இல்லை.

கார்த்திகை முடியும் தறுவாயில் ஒரு காலை, குறுவை வந்தாள்.

அவள் வரியைப் பார்க்கவில்லை. நேராகக் கழுத்துக்குப் போனாள். கவ்வினாள். இழுத்தாள்.

"இன்னும் பலமா இழு," என்றான் நாரன்.

அவள் தலைகீழாகத் தொங்கி இழுத்தாள். சிறகை மடக்கிக்கொண்டு, ஒரே ஒரு நாரில் தன் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினாள். போன இரண்டு முட்டைகளின் கோபமும் அந்த அலகில் இருந்தது. ஓலை வளைந்தது. கழுத்து அசையவில்லை.

வளையத்துக்கு வந்தாள். அங்கே ஒரு நாரைப் பிடித்து இழுத்தாள். அது வந்துவிட்டது.

பரட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டான். சம்பா கூட்டுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

குறுவை அந்த நாரைத் தண்ணீரில் போட்டாள். நாரனைப் பார்த்தாள். பறக்கவில்லை.

நாரன் நார் வந்த இடத்தைப் பார்த்தான். கரைக்குப் போனான். கோரைக்குள் புகுந்து, இன்னும் மஞ்சளாகாத ஒன்றைத் தேடிப் பிடித்தான். நார் கிழித்து வந்தான். வளையத்தில் அதே இடத்தில் நுழைத்து, சுற்றி, கால் ஊன்றி இழுத்துக் கட்டினான். பிறகு விலகி உட்கார்ந்தான்.

"இப்போ இழு."

குறுவை இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.

"வரல," என்றாள். உள்ளே போய் உட்கார்ந்தாள்.

தை ஒன்பதாம் தேதி காலை, அந்தக் கோணல் கூட்டிலிருந்து மூன்று குஞ்சுகள் பறந்தன. கீழே ஓணான் தலையாட்டியது. அன்று நல்ல வெயில்.

தலையாட்டுகிறவர் முன்னால் வைத்த வேலை அழகாகத் தெரியும். இழுத்துப் பார்க்கிறவர் கைக்குக் கொடுத்த வேலைதான் காற்றுக்கு நிற்கும்.